கல்முர்சா வாங்கிய ஒப்பாரி

கல்முர்சாவை எங்கள் ஏரிக்கரை ஊரான கரா-தாலில் யாருக்கும் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். கோடையில் பிடிக்கும். ஜூலை பிறந்தால் அல்மாட்டி நகரத்திலிருந்து கார் காராக வந்து இறங்கும் கூட்டம், பீரைக் குடித்துவிட்டு ஏரிக்குள் பாய்ந்து தத்தளிக்கும்போது, கரையில் இருப்பவர்கள் கத்துவது அவன் பெயரைத்தான். இளவட்டத்தில் சானடோரியம் என்கிற அரசாங்க ஓய்வில்லத்துக் கரையில், மூழ்குகிறவர்களை மீட்கும் ஆளாக விசிலும் கையுமாக நின்றவன். அன்றிலிருந்து தலைமுடியைப் பிடித்து அவன் கரையில் இழுத்துப் போட்ட ஆட்களை வரிசையில் நிறுத்தினால் ஒரு பேருந்து நிறைந்துவிடும்.

வசந்தத்தில்தான் வினை. மலையில் பனி உருகி ஓடைகள் ஏரியில் விழும் நேரத்தில், முட்டையிடுவதற்காக ஒஸ்மான் மீன் நாணல் வளைகுடாவுக்கு ஏறும். அப்போது பிடிக்கத் தடை இருந்தும், அதன் பின்னாலேயே எங்கள் ஊர் ஆட்கள் வலையோடு ஏறுவார்கள். அவர்கள் பின்னால் கல்முர்சா ஏறுவான். சானடோரியத்தை இழுத்து மூடிய பிறகு அரசாங்கம் அவனை ஏரிக் காவலனாக்கியது. சம்பளம் என்ற பெயரில் ஏதோ கொடுத்தது. ஒரு பழைய படகையும் கொடுத்தது. வேறு யாராக இருந்தாலும் அந்தச் சம்பளத்துக்கு ஏற்ற வேலையைத்தான் செய்திருப்பான். இவனுக்குத்தான் பிடித்தால் ஒரே பிடி ஆயிற்றே.

அந்த ஒஸ்மானும் பார்க்க லட்சணமான மீன் இல்லை. செதில் கிடையாது, வழவழவென்று இருக்கும். ஆனால் ஏரியோடு பிறந்த மீன். எங்கிருந்தோ கொண்டுவந்து விட்டதில்லை. கல்யாணமான புதிதில் கல்முர்சா தன் மனைவி புருலை வளைகுடாவுக்கு அழைத்துப்போய்க் காட்டினான். முழங்காலளவு தண்ணீரில் மீன்கள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு போக, முதுகுகள் வெயிலில் தெரிந்தன. “அடியாத்தி, சந்தைக்குப் போற பொம்பளைங்க மாதிரி இல்ல போகுதுங்க” என்று அவள் சிரித்தாளாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் அவளும் ஒருமுறை படகேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வருஷா வருஷம் முதுகுகள் குறைந்ததையும் அவள்தான் முதலில் சொன்னாள்.

சரி, ஊர்க்காரன் பக்கத்தையும் சொல்ல வேண்டுமே. கோடை இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் சம்பாதிப்பதுதான் வருஷம் பூராவும் அடுப்பெரிக்கிறது. குளிக்க வருகிற கூட்டம் சாலையோரத்தில் காரை நிறுத்திக் கேட்பது புகைபோட்ட மீனை. “பழக்கூழ் இருக்கு, வாங்கிக்கிறீங்களா” என்றால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இதில் யாரைக் குறை சொல்ல?

போன வருஷம் மே மாதம் கல்முர்சா, பள்ளிக்கூடத்தில் தன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோலோனைப் பிடித்தான். வலை, படகு இரண்டும் போயிற்று. வலையைக் கரையிலேயே கொளுத்தினார்கள். தோலோனுடைய அக்கா குலிபாதான் அவன் பிடிப்பதைப் புகைபோட்டுச் சாலையில் தொங்கவிட்டு விற்பவள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். அடுத்த வாரம் ஒரு வீட்டில், நடக்கத் தொடங்கிய குழந்தையின் காலில் கயிறு கட்டி வெட்டிவிடும் சடங்கு விருந்து. ஊரே கூடியிருந்தது. கல்முர்சா உள்ளே நுழைந்ததும் குலிபா கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“வந்துட்டாரய்யா மீனுக்கு மாமன். மனுசன் வயித்துல அடிச்சு மீனுக்குச் சோறு போடுறவரு.”

“சட்டம்னு ஒண்ணு இருக்கு, அக்கா” என்றான் கல்முர்சா. அதோடு நிறுத்தியிருக்கலாம். “திருடித் தின்னா திருட்டுன்னுதான் சொல்லுவாங்க” என்றும் சொன்னான், விருந்து வீட்டில், எல்லோர் காதிலும் விழும்படி.

குலிபாவின் முகம் கறுத்தது. “உன் வீட்டுல சாவு விழட்டும்டா. அழுவறதுக்கு ஒரு நாய் வருதான்னு பாத்துடுவோம்.”

 எங்களில் இதற்கு மேல் ஒரு சாபம் கிடையாது. செத்தவர் வீட்டை நோக்கி வருகிற ஆண்கள் தெருமுனையிலிருந்தே குரலெடுத்து அழுதுகொண்டு வர வேண்டும். வீட்டு ஆண்கள் கோலை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று பதிலுக்கு அழ வேண்டும். ஊர்ப் பையன்கள்தான் குழி வெட்டுவார்கள். கூலிக்கு ஆள் பிடித்துக் குழி வெட்டினான் என்று பெயர் வாங்கினால் ஏழு தலைமுறைக்கும் அது போகாது.

அதன் பிறகு அவர்களை யாரும் எதற்கும் அழைக்கவில்லை. தியாகத் திருநாளான குர்மான் பண்டிகையன்று புருல் விடியலிலேயே எழுந்து போர்சோக் என்கிற மாவுப் பண்டம் பொரித்து, மேசை கொள்ளாமல் பரப்பி, பழக்கூழ் ஏழு வகை வைத்து, வாசற்கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். வீடு வீடாகப் போய் வாழ்த்துச் சொல்லும் கூட்டம் அவர்கள் வேலியை ஒட்டியே நடந்து அடுத்த வீட்டுக்குப் போயிற்று. சாயங்காலம் அவள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கன்றுக்குட்டிக்குப் போட்டாள். 

கோடையிலும் அதே கதை. பின்கட்டில் இரண்டு அறை போட்டு அவள் வாடகைக்கு விடுவாள். கரகாண்டா ஊரிலிருந்து வருஷம் தவறாமல் வருகிற குடும்பத்தைப் பேருந்து நிறுத்தத்திலேயே மடக்கி, “அவங்க வீட்டுக் கிணறு கெட்டுப்போச்சு” என்று வேறு வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். கரையில் பாட்டும் கூத்தும் ரப்பர்ப் படகுச் சவாரியும் அமர்க்களப்பட, புருலின் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் மடித்தது மடித்தபடி கிடந்தன.

இலையுதிர் காலத்தில் அவளுக்கு வயிற்றில் வலி கண்டது. கரகோல் டவுனுக்குப் போனார்கள், தலைநகர் பிஷ்கெக்குக்குப் போனார்கள். பிப்ரவரியில் பெரியாஸ்பத்திரி, “வீட்டுக்குக் கூட்டிப் போங்க, பிடிச்சதைச் சாப்பிடக் கொடுங்க” என்று அனுப்பிவிட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது?

இருவரும் ஊரில் மூச்சுவிடவில்லை. “சாபம் பலிச்சதுன்னு பேசுவாளுங்க. வேணாம்” என்றாள் புருல். மகள் மீரிம் பிஷ்கெக்கிலிருந்து வந்து வந்து போனாள். கேட்டவர்களிடம் அம்மாவுக்கு இடுப்புப் பிடிப்பு என்றாள்.

ஒரு நாள் கல்முர்சா தலையணையைச் சரிசெய்து வைத்துக்கொண்டிருந்தபோது புருல் கேட்டாள்: “ஏங்க, குலிபாக்கா சொன்ன மாதிரி ஆயிடுமோ?”

“அவ வாய்க்கு வேற என்ன வேலை? விடு.”

“எனக்கு வேற ஒண்ணும் வேணாம். எங்கம்மா போனப்ப தெருமுனைலேருந்து சத்தம் கேட்டுச்சே, அந்த மாதிரி சத்தம் கேக்கணும். கூலி ஆளு வெட்டுன குழில என்னப் போட்டுடாதீங்க.” கொஞ்சம் பொறுத்து, “இவ்வளவு நாள் இந்த ஊர்ல வாழ்ந்திருக்கேன். நாலு பேருக்கு வேண்டியவளாத்தானே இருந்தேன்?” என்றாள்.

 அவள் யாருக்கும் கெடுதல் செய்தவள் இல்லை. பகை முழுக்கக் கல்முர்சா சம்பாதித்தது, அனுபவிப்பது அவள்.  மறுநாள் தொப்பியை மாட்டிக்கொண்டு தோலோன் வீட்டுக்கு நடந்தான்.

தோலோன் முற்றத்தில் புதுப் படகு ஒன்றுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. “வாங்க காவலரய்யா. இதையும் பறிச்சிட்டுப் போகலாம்னு வந்தீங்களா? தார் காயட்டும், கையில ஒட்டும்.”

“புருலுக்கு முடியலடா.”

“என்ன முடியல?”

“பனி உருகி முடியறவரைக்கும் தாங்குவாளான்னு தெரியல.”

தோலோன் தூரிகையை வாளியில் போட்டான். நிஜமாகவே அதிர்ந்துதான் போனான். அதை மறுக்க முடியாது. “இடுப்புப் பிடிப்புன்னுதானேடா சொன்னாங்க?”

“ஊர் வரணும்டா தோலோன். அவ கேக்குறது அது ஒண்ணுதான். அதுக்கு நான் என்ன பண்ணணும் சொல்லு. செய்யறேன்.”

இந்த இடத்தில் தோலோன் கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தபடி நின்றான். கல்முர்சா அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டான்.

“இந்த வசந்தம் நாணல் பக்கம் நீ வரக்கூடாது” என்றான் தோலோன் கடைசியில்.

“முட்டை போடுற நேரம்டா அது. எத்தன வலை போடுவீங்க?”

“எண்ணிக்கிட்டா போடுவாங்க? நீ வரமாட்டே. அவ்வளவுதான்.”

“ஊர் வருமா?”

“வரும்.”

“ஒரு வீடு பாக்கி இல்லாம?”

“வரும்டா, போ.”

வீட்டுக்கு வந்ததும் கல்முர்சா காவல் படகின் எஞ்சினைப் பிரித்து, எரிபொருள் பம்பைக் கழற்றி, துணியில் சுற்றி வைக்கோலுக்குள் செருகினான். மேலதிகாரிக்குப் போன் போட்டு, எஞ்சின் பழுது என்றான். புத்தாண்டுக்குப் பிறகு ஏரிப் பக்கமே தலைவைக்காத அந்த மனிதர், “பாகம் வரட்டும், பொறு” என்றார். காவலனாகச் சேர்ந்த நாளிலிருந்து கல்முர்சா சொன்ன முதல் பொய் அது. நடுக்கம் இருக்கும் என்று நினைத்தான். அப்படி ஒன்றும் இல்லை.

அடுத்த நாளே பெண்கள் வந்தார்கள். முதலில் வந்தது குலிபாதான். ஒரு தூக்கு நிறைய ஆட்டுச் சூப்போடு மூச்சிரைக்க வந்து, கட்டிலின் கால்மாட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“ஏண்டி, இப்படிக் கிடக்கியே. வாய் செத்துப்போச்சா, ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாது?”

“நீங்கதான் வாய்க்குப் பெரியாளு. எனக்கு எதுக்கு” என்றாள் புருல். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். கல்முர்சா வெளியே போய்விட்டான்.

அடுத்த மூன்று வாரம் வீட்டில் கொதிகெண்டி ஓய்ந்ததே இல்லை. ஒருத்தி தலை வாரிவிட்டாள், ஒருத்தி விரிப்புகளைத் துவைத்துப் போட்டாள். கழுகோடு படம் பிடித்துக்கொள்ளக் காசு கொடுத்த வெளியூர்க்காரனின் சட்டையில் கழுகு கழிந்த கதையைக் குலிபா மூன்றாவது முறை சொல்ல, புருல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “போதும்க்கா, வலிக்குது” என்று கெஞ்சினாள். எழுந்து உட்கார்ந்து இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தபோது கல்முர்சாவுக்குச் செய்தது சரி என்றே பட்டது. விடியலில் வளைகுடாப் பக்கமிருந்து எஞ்சின் சத்தம் கேட்கும்போது மட்டும் வானொலியைச் சத்தமாக வைப்பான்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் வெயில் நன்றாக அடித்தது. ஜன்னலைத் திறக்கச் சொன்னாள் புருல். ஏரிக்காற்று உள்ளே வந்தது. அவள் மூக்கை நிமிர்த்தினாள்.

“ஏங்க, ஏப்ரல்ல யார் வீட்டுல மீனுக்குப் புகை போடுறாங்க?”

“விறகுப் புகையா இருக்கும்.”

“ஆப்பிள் கட்டைப் புகை. மீன் வாடை வருது. ஒரு வீடு இல்ல, தெருவே போடுது.” அவன் பக்கம் திரும்பினாள். “படகு எங்க?”

“பழுது.”

“எப்பலேருந்து?”

அவன் ஜன்னலைச் சாத்தப் போனான். அவள் விடவில்லை. “சாத்தாதீங்க. எப்பலேருந்துன்னு கேட்டேன். குலிபாக்கா வந்த அன்னைலேருந்தா?”

பொய்யை இழுத்துக்கொண்டு போகத் தெரிந்திருந்தால் அவன் தப்பித்திருப்பான். மேலதிகாரியிடம் நின்ற பொய் இவளிடம் நிற்கவில்லை. “நீ கேட்டியே, புருல். நீ ஒண்ணே ஒண்ணுதானே கேட்ட” என்றான். எல்லாவற்றையும் சொன்னான்.

 “நான் பைத்தியக்காரி, எனக்காக வந்தாங்கன்னு நெனச்சேன்” என்றாள் புருல். “வாடகைக்கு ஆள் பிடிச்சிருக்கீங்க.”

“அப்படி இல்ல.”

“வேற எப்படி? கூலி ஆளு வெட்டுன குழி வேணாம்னேன். இப்ப அழுவுறதும் கூலிக்குத்தானே?” சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். “அந்த மீனுங்களையும் தொலைச்சிட்டீங்க.”

மறுநாள் குலிபா சூப்போடு வந்தாள். புருல் மரியாதையாக, “வாங்கக்கா, உக்காருங்க” என்றாள். சூப்பைத் தொடவில்லை. அதன் பிறகு யார் வந்தாலும் அப்படித்தான். முறைக்கு இரண்டு வார்த்தை, அப்புறம் கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு நாள் குலிபா கரண்டியை அவள் உதட்டருகே கொண்டுபோய், “எனக்காக ஒரு வாய்டி” என்றாள். புருல் உதட்டைத் திறக்கவில்லை. நோய் முற்றுகிறது என்று பெண்கள் கூடத்தில் கிசுகிசுத்துக்கொண்டார்கள். மே மாதம் பாதியில், மகள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அவள் போய்ச் சேர்ந்தாள்.

ஊர் வந்தது. ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்தது. முற்றத்தில் உடலைக் கிடத்தும் கூடாரத்தைப் பையன்கள் சொல்லாமலே எழுப்பினார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும், அவள் வீட்டில் தங்கிப் போன கரகாண்டா குடும்பத்திலிருந்துங்கூட ஆள் வந்தது. குளிப்பாட்டிய பெண்களில் குலிபாவும் ஒருத்தி. கூடாரத்துக்குள் மீரிம் ஒப்பாரி சொல்ல, தெருமுனையிலிருந்து ஆண்கள், “என் தங்கச்சியே, என் தாயே” என்று அலறிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்தார்கள். குன்றின் மேல் குழியை இறுகிய சரளை மண்ணில் ஆள் மாற்றி ஆள் வெட்டினார்கள். ஒருவன் கை கிழிந்து இரத்தம் கொட்டியது.

கல்முர்சா கோலை ஊன்றி வாசலில் நின்றான். வந்தவர்கள் தோளில் சாய்ந்து அழுதார்கள். அவர்கள் கோட்டில் மீன்புகை வாடை அடித்தது. நடிக்கிறான், இவனும் நடிக்கிறான், என்ன கத்து கத்துகிறான் பார் என்றே அவன் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. பதிலுக்கு அழ வேண்டியவன் வாயே திறக்கவில்லை. மைத்துனன் விலாவில் இடித்தும் பார்த்தான். பெண்டாட்டிக்குக் கூட அழாத கல் என்று அன்றைக்கு ஊர் பேசியது. நானும்தான் பேசினேன்.

ஏழாம் நாள், குளிப்பாட்டியவர்களுக்குச் செத்தவளின் உடுப்பைக் கொடுப்பது வழக்கம். மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போனபின் குலிபா வந்தாள். மீரிம் அம்மாவின் ஊதா வெல்வெட் மேலுடுப்பை அவள் மடியில் வைத்துவிட்டுச் சமையல் பக்கம் போனாள். கல்முர்சாவுக்கு அடக்க முடியவில்லை.

“உங்க தம்பி வாக்குத் தவறலக்கா. சொன்ன மாதிரியே ஒருத்தர் விடாம கூட்டியாந்துட்டான்.”

“எந்தத் தம்பி, என்ன வாக்கு?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. நாணல் பக்கம் நான் வரக்கூடாது, ஊர் இங்க வரணும். பேசினதுதானே?”

குலிபா அவனையே பார்த்தாள். “தோலோன் எங்கிட்ட ரெண்டே விஷயம்தான் சொன்னான். காவல் படகு பழுது, வலை போடலாம்னான். புருல் பொழைக்கமாட்டா, யாருக்கும் சொல்லாம வெச்சிருக்காங்கன்னான். அன்னைக்கு ராத்திரி முழுக்க நான் தூங்கல. வேற ஒண்ணும் சொல்லலியே.”

“அப்ப எதுக்கு வந்தீங்க?”

“எதுக்கு வந்தோமா?” அவளுக்குக் குரல் ஏறியது. “படுத்த படுக்கையாக் கிடக்கிறவளப் பாக்க எதுக்குடா வருவாங்க? சாவுக்கு ஊரக் கூட்டியாரத் தரகன் வேணுமா?”

“நீங்கதானே சொன்னீங்க, நாய்கூட வராதுன்னு.”

“தம்பி படகு போன ஆத்திரம். வாயில வந்ததச் சொன்னேன். நீ அத்தன பேரு நடுவுல எங்களத் திருடன்னியே, அத நான் நெஜம்னா நெனச்சேன்?”

“பண்டிகைக்கு ஒருத்தரும் வரலியே.”

“நல்லதுக்கு வரமாட்டாங்க, கோவம் இருந்தா. கெட்டதுக்கு வராம இருப்பாங்களா? இந்த ஊர்லதானடா பொறந்த. எந்தச் சாவுக்காவது ஊர் போகாம இருந்து நீ பாத்திருக்கியா?”

அவன் யோசித்தான். பார்த்ததில்லை. ஊரோடு மல்லுக்கட்டியவன், கன்று திருடியவன், பெற்ற தகப்பனை அடித்தவன், எல்லோருக்கும் ஊர் தெருமுனையிலிருந்து அழுதுகொண்டு போயிருக்கிறது, இவனும் போயிருக்கிறான்.

“எந்தம்பிக்கு இருக்கு இன்னைக்கு” என்றாள் குலிபா. “சும்மா வர்றதுக்கு வெல சொல்லியிருக்கான், சண்டாளன்.” பிறகு சட்டென்று நிறுத்தினாள். “இது புருலுக்குத் தெரியுமா?”





“தெரியும். நான்தான் சொன்னேன்.”

குலிபா மடியிலிருந்த உடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளுடைய பெரிய உடம்பு மெதுவாக முன்னும் பின்னும் ஆடியது. “அதான் சூப்பத் தொடலியா” என்றாள். “நான் சொன்னத அவ மறக்கலன்னு நெனச்சேன். மன்னிக்காமலே போயிட்டான்னு ஏழு நாளா செத்துக்கிட்டிருக்கேன். அவ என்னக் கூலிக்காரின்னு நெனச்சுப் போயிருக்கா.”  எழுந்து, காலணியைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாள்.

அன்று பிற்பகல் கல்முர்சா வைக்கோலுக்குள்ளிருந்து பம்பை எடுத்து மாட்டி, படகை நாணல் வளைகுடாவுக்கு ஓட்டினான். வலைகளை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆழமில்லாத இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு, தண்ணீர் அடங்கித் தெளியும்வரை உட்கார்ந்து பார்த்தான். ஒரு மீன்கூட இல்லை. எடுக்காமல் விட்ட வலைத்துண்டு ஒன்றில் நாலைந்து அழுகிக் கிடந்தன. அவற்றை அறுத்து எடுத்துக் கரையில் புதைத்தான்.

அங்கிருந்து நேரே குன்றேறினான். புருலின் கல்லறை மேட்டில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. கீழே கோடைக்கு முன்பே ஒரு சிறு கூட்டம் வந்து இறங்கி, குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்துக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அவங்க சும்மாதான் வந்தாங்க, புருல்” என்றான்.

அதன் பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது. குரலெடுத்து, முறைப்படி, தெருமுனையிலிருந்து வருகிறவர்கள் அழுவதுபோல அழுதான். கூடச் சேர்ந்து அழ அங்கே ஒருவரும் இல்லை.